பெற்றோர் சொல்லும் தீர்ப்பு

நம்மில் பெற்றோர் பலர் பிள்ளையின் காலையோ வீட்டு வறுமையையோ பார்த்த மாத்திரத்தில், "இதன் தலையெழுத்து இவ்வளவுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர். அத்தீர்ப்புக்கு விசாரணையுமில்லை, அப்பீலுமில்லை.

அமெரிக்காவில் டென்னசி மாகாணத்தில் 1940-ல் பிறந்த வில்மா ருடால்ஃப் என்னும் கறுப்பினப் பெண், தகப்பனாரின் 22 பிள்ளைகளில் இருபதாவது பிள்ளை. தகப்பனார் ரயில்வே போர்ட்டர். தாயார் வீட்டு வேலைக்காரி. இளம்பிள்ளை வாதத்தால் பெண்ணின் இடது கால் முடங்கிற்று. ஊர் ஆஸ்பத்திரியோ வெள்ளையருக்கே. தாயார் விதியை நோகவில்லை. வாரந்தோறும் ஏறக்குறைய 50 மைல் பஸ்ஸில் நாஷ்வில் நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வீட்டிலோ, உடன்பிறந்தார் முறைவைத்துத் தினம் நாலு வேளை காலைப் பிடித்துவிட்டனர். 12 வயதுக்குள் இரும்புப் பட்டையைக் கழற்றிவிட்டு நடந்த அப்பெண், 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் ஓடி 3 தங்கப் பதக்கம் பெற்றார்.

"எல்லாப் பிள்ளையுமா தங்கம் வாங்கும்?" என்று கேட்பார்கள். வாங்க வேண்டாமே! அத்தனை பிள்ளைகளுள்ள ஏழை வீட்டில் ஒரு பிள்ளையின் காலுக்கு நாலு வேளை கிடைத்ததே, ஒற்றைப் பிள்ளை வைத்திருக்கும் நமக்கு ஒரு வேளைக்கும் வழியில்லையா என்றுதான் நாம் கேட்கின்றோம்.

ஊர் திரும்பியவருக்கு வரவேற்பு ஏற்பாடாயிற்று. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி இடமென்றால் வரமாட்டேன் என்றார் வில்மா. அவ்வூரில் இருசாராரும் ஒன்றாக உட்கார்ந்த முதல் விருந்து அதுவே.