மலையைக் காப்பவருக்கு என்ன கிடைக்கிறது?

விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2025 மே 2-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணித்தார். சரக்குப் பெட்டகங்களுக்குக் கொழும்பை நம்பியிருந்த நிலை மாறுவது வரவேற்கத்தக்கதே. ஆனால், ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீள அலைத்தடுப்புச் சுவருக்கான பாறைகள் கேரளக் குன்றுகளிலிருந்து மட்டுமல்ல, தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்தும் லாரிகளில் சென்றன.

துறைமுகத்துக்கான மத்திய நிதி ரூ.817.80 கோடி மானியமா, திருப்பித் தர வேண்டிய கடனா என்று தில்லிக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே நீண்ட வாக்குவாதம் நடந்தது. மலைகளுக்காக அப்படி யாரும் வாதாடவில்லை. நிலத்தைக் கல்குவாரிக்குக் கொடுப்பவருக்குப் பணம் கிடைக்கிறது. மரங்களை வெட்டாமல் வைத்திருப்பவருக்கு நிலவரி ரசீதுதான் மிச்சம்.

தனியார் காடுகள் விஷயத்தில் நமது அரசுகள் கண்ட வழிகள் இரண்டே. ஒன்று, கேரளத்தின் 1971-ஆம் ஆண்டுச் சட்டம்போல நிலத்தையே எடுத்துக்கொள்வது. மற்றொன்று, தமிழகத்தின் 1949-ஆம் ஆண்டுச் சட்டம்போலக் கட்டுப்பாடு விதிப்பது. மேற்குத் தொடர்ச்சி மலையில் 56,825 சதுர கிலோமீட்டரைச் சூழல் முக்கியத்துவப் பகுதியாக்கும் வரைவு அறிவிக்கை 2024 ஜூலையில் ஆறாவது முறையாக வெளியானதற்கு, எதுவும் கிடைக்காமல் உரிமை மட்டும் பறிபோகும் என்ற விவசாயிகளின் அச்சமும் ஒரு காரணம்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. 1990 முதல் அமெரிக்காவில் அரசின் வனப் பாரம்பரியத் திட்டம் அதைப் பின்பற்றுகிறது. நிலம் உரிமையாளரிடமே இருக்கும். காட்டை அழித்துக் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் அவர் விலைக்கு விட்டுக்கொடுப்பார். அந்த ஒப்பந்தம் வாரிசுகளையும், வாங்குவோரையும் கட்டுப்படுத்தும்.

இங்கே 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் வழிநடைப் பாத்தியம், தண்ணீர்ப் பாத்தியம் என ஒரு நிலம் மற்றொரு நிலத்தின்மீது கொண்ட உரிமையை மட்டுமே அறியும். காட்டுக்காகப் பாத்தியம் கோர அதில் இடமில்லை.

பணமில்லை என்பதும் பொருந்தாது. ஈடுசெய் காடு வளர்ப்பு நிதியிலிருந்து 2019-இல் மட்டும் மாநிலங்களுக்கு ரூ.47,436 கோடி மாற்றப்பட்டது. நெல்வயலை அழிக்காமல் காப்போருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ரூ.2,000 ஊக்கத்தொகை வழங்கும் திட்டத்தை 2020-இல் கேரளமே தொடங்கியது. வயலுக்குப் பொருந்துவது காட்டுக்குப் பொருந்தாதா?

பெரும் தோட்ட முதலாளிகளுக்கு வாரி வழங்கும் திட்டமாக அது மாறிவிடக் கூடாது. பழங்குடியினருக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமைகளும் குறையக் கூடாது. இந்த எச்சரிக்கையுடன் 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்த வேண்டும். புதிய கன்று நடுவதற்குச் செலவிடும் நிதியில் ஒரு பங்கு, நிற்கும் காட்டைக் காப்பவருக்குச் சேரட்டும். கடலில் கொட்டிய பாறை மலைக்குத் திரும்பப் போவதில்லை. எஞ்சிய மலையையாவது காப்போம்.