சாட்சியின் நினைவும் உளவியல் ஆய்வும்: எங்கள் நிலைப்பாடு

உளவியல் கற்பிப்போரும் ஆய்வாளர்களும் சேர்ந்தது எங்கள் சங்கம். வழக்கறிஞர்களும் காவல்துறையினரும் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இந்தச் சாட்சிக்கு நினைவிருப்பது உண்மையில் நடந்ததுதானா? குறிப்பிட்ட ஒருவரின் குறிப்பிட்ட நினைவு சரியா தவறா என்று தீர்த்துச் சொல்லும் திறன் நினைவு பற்றிய உளவியல் ஆய்வுக்கு இல்லை. எந்தச் சூழலில் நினைவு பிசகும், எப்படி விசாரித்தால் அந்தப் பிசகு குறையும் என்று சொல்லும் திறன் உண்டு. முதலாவதைக் கேட்டால் மறுப்போம். இரண்டாவதைக் கேட்டால் எந்த நீதிமன்றத்துக்கும் வந்து சொல்வோம்.

இந்த ஆய்வுகளின் வலுவை ஒரு சோதனையைக் கொண்டே காட்டலாம். 1974இல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 45 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படத்துணுக்குகளைக் காட்டி, வேகத்தைக் கேட்டார்கள். கார்கள் ‘நொறுங்க மோதியபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்கு மேல் என்றார்கள். ‘தொட்டபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல் என்றார்கள். இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். ‘நொறுங்க மோதிய’ என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். ‘மோதிய’ என்று மட்டும் கேட்டிருந்த 50 பேரில் 7 பேர் அப்படிச் சொன்னார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்து ஒரு வினைச்சொல்லை மட்டும் மாற்றியதால், பிழைக்குக் காரணம் கேள்விதான் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

சட்டத்துக்கு இது புதிதல்ல. பதிலைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் கேள்வியை, எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், முதல் விசாரணையில் நீதிமன்ற அனுமதியின்றிக் கேட்க 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டமே தடை விதித்தது. அனுபவத்தில் அறிந்திருந்ததை ஆய்வகம் 102 ஆண்டுகள் கழித்து அளந்து காட்டியது. ஆனால் அந்தத் தடை சாட்சிக் கூண்டுக்குத்தான். அதற்கு எத்தனையோ மாதங்களுக்கு முன்பே, காவல் நிலையத்து மேசையில், அந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்கலாம்.

பலவீனங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. ஆய்வகத்தில் படம் பார்க்கும் மாணவருக்கு உயிர்பயம் இல்லை. அவர் பதிலால் யாரும் சிறைக்குப் போவதும் இல்லை. கனடாவில் துப்பாக்கிக் கடை ஒன்றின் முன் நடந்த துப்பாக்கிச்சூட்டை நேரில் பார்த்த 13 பேரை, நான்கைந்து மாதங்கள் கழித்து ஆய்வாளர்கள் யூயிலும் கட்ஷாலும் மறுபடி விசாரித்தார்கள். 1986இல் வெளியான அந்த ஆய்வில், பெரும்பாலான விவரங்கள் கலையாமல் இருந்தன. திசைதிருப்பும் கேள்விகளுக்கும் சாட்சிகள் அவ்வளவாக மயங்கவில்லை. அதுவும் ஒரே சம்பவம், 13 பேர். ஆய்வகத்தின் தெளிவும் தெருவின் மெய்ம்மையும் ஒரே ஆய்வில் சேர்ந்து கிடைப்பது அரிது.

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொன்று. சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க்கதையைச் சொல்லி, 24 பேரில் 6 பேரை அதை ஓரளவோ முழுதுமோ நம்பவைத்தது 1995ஆம் ஆண்டு ஆய்வு. தொலைந்துபோவது எந்தக் குழந்தைக்கும் நேரக்கூடியது. அதை வைத்து, பாலியல் வன்கொடுமையைப் பல ஆண்டுகள் கழித்துச் சொல்லும் ஒரு பெண்ணின் நினைவும் புனைவே என்று வாதிடுவது அந்த ஆய்வு தாங்காத சுமை. 24 பேரில் 18 பேர் அந்தக் கதையை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லாத நிபுணர் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்.

மூளை அலைகளைப் பதிவுசெய்து, குற்றத்தின் ‘அனுபவ நினைவு’ ஒருவரிடம் உண்டா என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லும் சோதனையையும் நாங்கள் ஏற்கவில்லை. 2008இல் புணே நீதிமன்றத்தின் கொலைவழக்குத் தீர்ப்பு ஒன்றில் அது இடம்பெற்றது. ஒருவரின் சம்மதமின்றி இத்தகைய சோதனைகளை நடத்தக்கூடாது என்று செல்வி வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சம்மதம் இருந்தாலும் எங்கள் எதிர்ப்பு மாறாது. செய்ததன் நினைவையும், கேட்டதன் அல்லது கற்பனை செய்ததன் நினைவையும் நம்பகமாகப் பிரித்தறியும் கருவி இன்று இல்லை.

நம் மொழி சார்ந்த இடர் ஒன்றும் உண்டு. ‘அவன் அங்கே வந்தானாம்’ என்பதில் அந்த ‘ஆம்’ பிறர் சொல்லக் கேட்டது என்பதைத் தெரிவிக்கிறது. ‘அவன் மாதிரி இருந்துச்சு’ என்பதில் தயக்கம் இருக்கிறது. எழுத்தர் தம் நடையில் வாக்குமூலத்தை எழுதும்போது இரண்டும் ‘அவன் வந்தான்’ என்று ஆகிவிடக்கூடும். பிறகு அந்தத் தாளைப் படித்துவிட்டுச் சாட்சி சொல்பவருக்கும் அதுவே நினைவாகிவிடலாம். எனவே முதல் வாக்குமூலம் சாட்சியின் வாய்ச்சொல்லாகவே ஒலி, ஒளிப் பதிவாக இருக்க வேண்டும்.

அடையாள அணிவகுப்பை நடத்துபவருக்குச் சந்தேக நபர் யாரென்று தெரியக்கூடாது. அணிவகுப்புக்கு முன் சந்தேக நபரின் படம் தொலைக்காட்சியிலோ வாட்ஸ்அப்பிலோ வந்திருந்தால், அந்த விவரம் குறிக்கப்பட வேண்டும். அடையாளம் காட்டிய அந்தக் கணத்திலேயே, எவ்வளவு உறுதி என்பதைச் சாட்சியின் சொற்களில் எழுத வேண்டும். முறையாக நடத்தப்பட்ட அணிவகுப்பில் அந்த முதல் உறுதிக்குப் பொருள் உண்டு என்று ஜான் விக்ஸ்டெட்டும் கேரி வெல்ஸும் 2017இல் காட்டினார்கள். மாதங்கள் கழித்துக் கூண்டில் நின்று காட்டும் உறுதியை அதோடு சேர்த்து எண்ணக்கூடாது.

நிபுணராக நீதிமன்றம் செல்லும் எங்கள் உறுப்பினர் ஒவ்வொருவரும், தாம் மேற்கோள் காட்டும் ஆய்வில் எத்தனை பேர் இருந்தார்கள், எந்த மொழியில் நடந்தது, பிறர் திரும்பச் செய்தபோது அதே முடிவு வந்ததா என்ற மூன்றையும், எதிர்த்தரப்பு கேட்கும்வரை காத்திராமல், முதலிலேயே எழுத்தில் கொடுப்பார்.