கோப்பிக்கு வந்தவர்களும் தேயிலைக்கு நின்றவர்களும்

மலையகத் தமிழரின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023-ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனார்கள். அந்த ஆண்டு முழுவதும் மேடைகளில் ஒரே பேச்சுத்தான்: வெள்ளைக்காரன் கூட்டி வந்தான், நம் முன்னோர் காட்டை வெட்டித் தேயிலை நட்டார்கள். தவறில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஐம்பது, அறுபது வருடம் மறைந்துகிடக்கிறது. முதலில் வந்தவர்கள் தேயிலைச் செடியைக் கண்ணாலும் கண்டதில்லை. கோப்பிப் பழம் பறிக்க வந்தார்கள். பறித்து முடிந்ததும் பெரும்பாலானோர் ஊருக்குத் திரும்பினார்கள். தலவாக்கலையைச் சுற்றித் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இன்று வாழும் பல குடும்பங்களின் கதை, அதற்கு வெகுகாலம் பிந்திய இன்னொரு வருகையில் தொடங்குகிறது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால் வந்த வினை சின்னதல்ல.

கண்டி இராச்சியம் 1815-ல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பத்து வருடத்துக்குள் கம்பளைக்குப் பக்கத்தில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸும் கன்னொருவையில் ஒன்று வைத்திருந்தார். ஆனாலும் கோப்பிப் பைத்தியம் முற்றியது 1840களில்தான். உறுதி காட்ட முடியாத காட்டையும், காட்டை எரித்துப் பயிரிடும் சேனை நிலத்தையும் 1840-ஆம் ஆண்டுச் சட்டம் முடிக்குரிய காணியாக்கியது. 1844 வரை ஏக்கர் 5 சிலிங்குக்குப் போனது. வாங்கியவர்களில் நீதிபதிகள், படை அதிகாரிகள், பாதிரிமார்கூட உண்டு.

"கண்டிச் சிங்களவர் சோம்பேறிகள், அதனால்தான் தமிழரைக் கொண்டுவந்தார்கள்" என்று தோட்டத் துரைமார் எழுதிவைத்ததை நம்மவர்களும் சில சமயம் பெருமையாகத் திருப்பிச் சொல்கிறார்கள். அது துரைமாரின் சௌகரியக் கதை. கண்டிக் கிராமத்தவருக்கு வயல் இருந்தது. காடு வெட்டும் கொந்தராத்துக்கு அவர்கள் வந்தார்கள். தோட்டத்திலேயே தங்கி, விடியுமுன் ஆள் எண்ணும் பிரட்டுக்கு நின்று, துரை வைத்த கூலிக்கு உழைக்க வேண்டிய கட்டாயம்தான் அவர்களுக்கு இருக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம், தஞ்சாவூர்ச் சீமைகளில் நிலமில்லாத பண்ணையாட்களுக்கு அந்தக் கட்டாயம் இருந்தது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். கிராமத்துச் சேனையை எடுத்துக்கொண்டது சட்டமும், அந்தச் சட்டத்தின் பேரில் வாங்கியவனும். அந்த மண்ணில் கூலிக்கு நின்றவனுக்கு அதில் ஒரு பிடிகூடச் சொந்தமாகவில்லை.

கோப்பிக்கு ஆள் மொத்தமாக வேண்டியது ஆண்டின் பிற்பகுதியில், பழம் பழுக்கும் சில மாதங்களுக்கு மட்டும். அப்போது ஆண்களே அதிகம் வந்தார்கள். தோணியேறி மன்னார்ப் பக்கம் இறங்கி, வன்னிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்பது 1840களின் கடைசியிலேயே பத்திரிகைகளில் சண்டையான விஷயம். பிழைத்தவர்கள் பறித்துக் கொடுத்துவிட்டு, கையில் மிஞ்சியதோடு தை அறுவடைக்கு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த வருடம் வருவதும் வராததும் ஊரில் மழை பெய்ததா என்பதைப் பொறுத்தது.

இப்படி வந்துபோகிறவன் மலையில் பெரிதாக எதையும் ஊன்ற மாட்டான். அவனுக்கு லயம் வெறும் தங்குமிடம். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாம் அக்கரையில்.

1869-ல் மடுல்சீமையில் கோப்பி இலையில் ஒரு மஞ்சள் பூஞ்சணம் தென்பட்டது. பதினைந்து வருடத்துக்குள் அது இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட பயிரைத் தின்று தீர்த்தது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867-லேயே 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார். திவாலாகாமல் தப்பிய தோட்டக்காரர்கள் எல்லோரும் அதன் பக்கம் திரும்பினார்கள். நாவலப்பிட்டியிலிருந்து மலையேறும் ரயில்பாதை 1885-ல் அட்டன், தலவாக்கலை வழியாக நானு ஓயாவை எட்டியது. கோப்பி ஏற்றுவதற்காகத் துரைமார் வருடக்கணக்கில் கேட்டுக்கேட்டு வாங்கிய பாதை அது. கோச்சி வந்து சேர்ந்தபோது ஏற்றுவதற்குக் கோப்பிதான் இல்லை! 1895 வாக்கில் தேயிலை 3 இலட்சம் ஏக்கரைத் தொட்டிருந்தது.

செடி மாறியதும் வருகையின் தன்மையே மாறியது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஒரு மலையில் கொழுந்து கிள்ளினால் ஏழு, பத்து நாளில் அதே மலைக்குத் திரும்ப வேண்டும். தவறினால் இலை முற்றிவிடும். வருடம் முழுவதும் ஆள் வேண்டும், அதிலும் கொழுந்து எடுக்கப் பெண்கள் வேண்டும். ஆகவே தோட்டத்துக்குக் குடும்பம் தேவைப்பட்டது. 1876 தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம் ஏற்கனவே குடும்பம் குடும்பமாக ஆட்களை இந்தப் பக்கம் தள்ளியிருந்தது. 1911-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு இந்தியத் தமிழரை முதன்முறையாகத் தனியே எண்ணியபோது 5 இலட்சத்துக்கு மேல் இருந்தார்கள். மூன்று தலைமுறைக்கு ஒரே பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா என்ற அவலம் இங்கேதான் வேர் பிடித்தது. ஒண்டி ஆண்கள் தங்கிப்போகப் போட்ட லயத்து அமைப்பிலேயே குடும்பங்களையும் குடிவைத்தார்கள்.

யார் கூட்டி வந்தார்கள் என்பதும் சமூகத்தை உருவாக்கியது. மொரீசியசுக்கும் பிஜிக்கும் நாட்டாலுக்கும் போனவர்கள் ஐந்து வருட ஒப்பந்தத்தில், தனித்தனி ஆளாக, அரசாங்கப் பதிவில் போனார்கள். இலங்கைக்கு வந்தவர்களைக் கூட்டி வந்தது கங்காணி. அவர் துரையிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போவார். சொந்தக்காரர், தெரிந்தவர், தன் ஊர்ச் சேரிக்காரர் என்று ஆள் சேர்ப்பார். அவர்களின் பழைய கடனை அடைத்து, வழிச் செலவு கொடுத்து அழைத்து வருவார். அவ்வளவும் ஆளின் கணக்கில் கடனாக ஏறும். ஆள் வேலைக்கு இறங்கினால் நாளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு, பென்ஸ் காசு கிடைக்கும்.

இதில் துண்டு என்ற ஒரு சீட்டு இருந்தது. ஒரு கங்காணியின் ஆட்கள் தோட்டம் மாற நினைத்தால், இன்ன தொகை கடனைக் கட்டினால் இவர்களை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுப்பது துண்டு. அதை எடுத்துக்கொண்டு பெரிய கங்காணி இன்னொரு தோட்டத்துக்குப் போய்ப் பேரம் பேசுவார். ஆள் தட்டுப்பாடான காலத்தில் புதுத் துரை பழைய கடனையும் கட்டி, மேலும் ஒரு தொகையைக் கங்காணி கையில் வைப்பார். அந்த மேல்தொகையும் ஆட்களின் பெயரிலேயே விழும். ஒருநாள்கூடச் சும்மா இராமல் வேலைக்குப் போனவனின் கடன் இப்படித்தான் வருடாவருடம் வளர்ந்தது. 1921-ல்தான் துண்டு ஒழிந்தது.

ஊரோடும் உறவோடும் வந்ததால் சாதியும் கூடவே வந்தது. வேலையாட்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். பெரிய கங்காணிகளில் பலர் தங்களைக் குடியானவர் என்று சொல்லிக்கொண்டவர்கள். கோயில் முதல் மரியாதை கங்காணிக்கு. லயங்களும் பல தோட்டங்களில் சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டன. கொழுந்து மலையில் எல்லோரும் ஒரே நிரையில் நின்றார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போது மட்டும் விலகிக்கொண்டார்கள். தோட்டம் சாதியைக் கரைத்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் கல்யாணப் பேச்சு நடக்கும் காம்பராவில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாம்.

அதே கூட்டந்தான் மாசி மாதத்தில் காமன் கூத்தையும் கொண்டுவந்து ஊன்றியது. விடியற்காலையில் ஆட்களைப் பிரட்டுக்கு அழைத்த அதே தப்பு, இரவில் ரதிக்கும் மன்மதனுக்கும் அடிக்கும். சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிய, ரதி வேடம் கட்டிய இளைஞன் அழும்போது லயமே கூட அழும். அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் கூத்துகள் எல்லாம் அக்கரையிலிருந்து வந்தவை. ஆனால் ரோதைமுனி அக்கரைச் சாமி இல்லை. தேயிலை ஸ்டோரில் பெரிய சக்கரம் சுழலும் இடத்துக்குக் காவலாக, இந்த மலையிலேயே பிறந்த சாமி. கவ்வாத்துச்சாமியும் அப்படித்தான், செடியை வெட்டிச் சீராக்கும் கவ்வாத்துக்குப் போகிறவர்கள் கத்தியை வைத்துக் கும்பிட்ட பிறகே செடியைத் தொடுவார்கள். வந்து போகிறவனுக்கு இயந்திரத்துக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் சாமி தேவைப்படாது. மக்கள் இங்கே நிலைத்துவிட்டார்கள் என்பதற்கு எந்த ஆணைக்குழு அறிக்கையையும்விட இந்த இரண்டு சாமிகளையே நான் சாட்சிக்குக் கூப்பிடுவேன்.

துரைமாரும் வந்தேறிகளே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜேம்ஸ் டெய்லர் பதின்ம வயதில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர். தோட்டக்காரர்களில் பலர் அந்தப் பக்கத்தவர்கள். ஊர் நினைப்பில் ஹொலிரூட் என்றும் டன்சினன் என்றும் இங்கே தோட்டங்களுக்குப் பெயர் வைத்தார்கள். புதிதாக வரும் சின்னத்துரை தமிழ் படிக்க அன்று கொழும்பில் அச்சான கையேட்டின் தலைப்பு "இங்கே வா". அவர்களுக்கு வேண்டியிருந்த தமிழ் எவ்வளவு என்பது அதிலேயே தெரியும்.

தலவாக்கலைக்குப் பக்கத்து மடக்கும்புரத் தோட்டத்தில் 1914-ல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஒரு பெரிய கங்காணியின் பேரன். தொழிற்சங்கக்காரராகி, தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். 1931-ல் வந்த சர்வஜன வாக்குரிமையின் பயனாக, 1947-ல் இதே தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனார். அவரையும் சேர்த்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் கட்சியின் ஏழு பேர் அங்கே இருந்தார்கள். அடுத்த வருடமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்தது போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. கொழுந்துக்கென்று குடும்பத்தோடு குடிவைத்தவர்களை, பழம் பறித்துவிட்டுத் தைக்கு ஊர் திரும்பும் கோப்பிக் காலத்து ஆட்களாகவே அந்தச் சட்டம் பார்த்தது. 1949-ல் வாக்காளர் இடாப்பிலிருந்தும் பெயர்கள் போயின. 1952-ல் கூடிய பாராளுமன்றத்தில் காங்கிரசின் உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.