இரவல் குடுக்க ஏலாத டிஸ்க்

எங்கட போர்டிங் அறையில ஒரு பிளேஸ்டேசன் 4 இருக்கு. நாலு பேர் காசு சேர்த்து செகண்ட் ஹேண்டில வாங்கினது. அதோட வந்தது மூன்று டிஸ்க். மிச்சமெல்லாம் இரவல். பெக்கல்டியில ஆரிட்டயாவது இருந்து ஒரு கிழமைக்கு ஒரு கேம் வரும், எங்கட ஒண்டு அங்க போகும். செமஸ்டர் லீவு விட்டா டிஸ்க் பாக்கில ஏறி வீட்ட போகும், அங்க தம்பிமார் விளையாடுவினம். மாசக் கடைசியில நாலு போனிலயும் டேட்டா முடிஞ்ச நாளிலதான் நாங்கள் ஆகக்கூட விளையாடுறது. வேற என்ன செய்யிறது?

இதை ஒரு பெரிய விசயமா நாங்கள் நினைச்சதே இல்லை. டிஸ்க் கையில இருக்கு, போடுறம், ஓடுது. ஆனால் 2013 ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் நடந்த ஒரு சண்டை வேற மாதிரி முடிஞ்சிருந்தால், பழைய கேம் வாங்கிறது, இரவல் குடுக்கிறது, இன்டர்நெட் இல்லாமல் விளையாடுறது எல்லாத்துக்கும் ஒரு கம்பனியிட்ட அனுமதி கேட்க வேண்டி வந்திருக்கும். அந்தச் சண்டையில எங்களுக்கு முதல் விளையாடின ஆக்கள் வெண்டவை. அவை வெண்டதை நாங்கள் சத்தமில்லாமல் திருப்பிக் குடுத்துக் கொண்டிருக்கிறம் எண்டதுதான் எங்கட கவலை.

முதல்ல கதையைச் சொல்லுறம். 2013 மே 21 அன்று அமெரிக்காவின் ரெட்மண்டில் மைக்ரோசொப்ட் தன்னுடைய புதிய கொன்சோலை அறிமுகப்படுத்தியது. பெயர் எக்ஸ்பொக்ஸ் வன். விதிகள் என்ன எண்டதில கொஞ்ச நாள் குழப்பம். பிறகு ஜூன் 6 அன்று கம்பனியே அதை எழுத்தில் வெளியிட்டது. கேம் டிஸ்கில வந்தாலும், ஒருக்கா இன்ஸ்டோல் செய்தவுடன் அது உங்கட கணக்கோட கட்டுப்பட்டிடும். கொன்சோல் 24 மணித்தியாலத்துக்கு ஒருக்கா இன்டர்நெட்டில போய் மைக்ரோசொப்டின் சேர்வருக்கு முகத்தைக் காட்ட வேணும். இன்னொருத்தர் வீட்டுக் கொன்சோலில உங்கட கேமை விளையாடினால் ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கா காட்ட வேணும். காட்டாட்டி கேம் ஓடாது. டிவியும் படமும் மட்டும் பார்க்கலாம்.

பழைய கேமைக் கடையில விக்கலாமா இல்லையா எண்டதை அந்தக் கேமை வெளியிட்ட கம்பனி முடிவு செய்யும். நண்பருக்குக் குடுக்கிறதெண்டால் அவர் உங்கட நண்பர் பட்டியலில குறைஞ்சது 30 நாள் இருந்திருக்க வேணும். அதுவும் ஒரு கேமை ஒரே ஒரு தடவைதான் குடுக்கலாம். இரவல் குடுக்கிறதும் வாடகைக்கு விடுறதும் கொன்சோல் வெளிவரும்போது இருக்காது எண்டும் அதில் இருந்தது. முதல் வருச றாகிங் முடிஞ்சு இரண்டாம் நாளே நண்பரான ஆக்கள் நாங்கள். 30 நாள் கணக்கை இப்ப வாசிக்கேக்க சிரிப்பு வருது. அண்டைக்கு ஆருக்கும் சிரிப்பு வரேல்லை.

கோபத்துக்கு ஏற்கனவே அடுப்பு மூட்டியிருந்தது. அந்த வருசம் மார்ச் மாதம் ஈ.ஏ வெளியிட்ட சிம்சிட்டி, தனியாக விளையாடுறதுக்கும் இன்டர்நெட் கேட்ட கேம். வெளிவந்த கிழமையே சேர்வர்கள் படுத்திட்டுது. முழுக்காசு குடுத்து வாங்கின ஆக்கள் வரிசையில நிண்டினம். இதை ஒஃப்லைனில ஓட விடுறதெண்டால் பெரிய பொறியியல் வேலை வேணும் எண்டு தயாரிப்பாளர்கள் சொன்னார்கள். ஒரு வருசம் கழிச்சு, 2014 மார்ச்சில், ஒஃப்லைன் வசதி வந்தது. ஏலாது எண்டு சொன்னது ஏலுமாகத்தான் இருந்தது.

ஏப்ரலில் அடுத்தது. எப்பவும் ஒன்லைனில இருக்கிற கொன்சோலில என்ன பிழை எண்டு மைக்ரோசொப்டின் கேம் பிரிவில் இருந்த அடம் ஓர்த் ட்விட்டரில கேட்டார். பழகிக் கொள்ளுங்கோ எண்ட தொனியில எழுதினார். நாட்டுப்புறத்தில இருக்கிற ஆக்களுக்கு லைன் கிடைக்காதே எண்டு கேட்டவைக்கும் நக்கலாத்தான் பதில். கம்பனி மன்னிப்புக் கேட்டது, அவர் அந்த மாதமே வேலையை விட்டுப் போனார். ஆனால் அவர் சொன்ன மாதிரியான ஒரு பெட்டிதான் அடுத்த மாதம் மேடைக்கு வந்தது.

ஜூன் 10 அன்று லொஸ் ஏஞ்சலிஸில் ஈ3 கண்காட்சிக்கான நிகழ்ச்சிகள். எக்ஸ்பொக்ஸ் வன்னின் விலை 499 டொலர் எண்டு மைக்ரோசொப்ட் சொன்னது. அண்டு பின்னேரம் சோனியின் ஜக் ட்ரெட்டன் மேடையேறி, பிளேஸ்டேசன் 4 இல் டிஸ்க் கேமுக்கு இன்டர்நெட் தேவையில்லை, பழைய கேமுக்குத் தடையில்லை எண்டு சொல்ல, மண்டபம் கைதட்டலில அதிர்ந்தது. விலை 399 டொலர். அதோட சோனி ஒரு குட்டி வீடியோவும் விட்டது. பிளேஸ்டேசன் 4 இல் கேமைப் பகிர்வது எப்படி எண்டு அதிகாரிகள் இரண்டு பேர் காட்டுவார்கள். ஒருத்தர் மற்றவரிட்ட டிஸ்கை நீட்டுவார். மற்றவர் நன்றி சொல்லி வாங்குவார். அவ்வளவுதான் வீடியோ.

இன்டர்நெட் இல்லாத ஆக்கள் என்ன செய்யிறது எண்டு எக்ஸ்பொக்ஸ் தலைவர் டொன் மட்ரிக்கை ஒரு பேட்டியில கேட்டார்கள். அவைக்கு எங்களிட்ட ஒரு பொருள் இருக்கு, அதுதான் எக்ஸ்பொக்ஸ் 360 எண்டு பதில் சொன்னார். அதாவது பழைய பெட்டியோட இருங்கோ எண்டு. கப்பலிலயும் தூர முகாம்களிலயும் வேலை செய்யிற அமெரிக்கப் படையினர் அந்த நாட்களில கடுமையாக விமர்சித்தார்கள். அவை ஓய்வுநேரத்தில நம்பியிருக்கிறது கொன்சோலை.

இன்னொரு விசயம் இருக்கு. எக்ஸ்பொக்ஸ் வன் முதலில் வெளிவரும் எண்டு அறிவித்த நாடுகள் 21. ஆதரவு உள்ள நாட்டில இருந்தால்தான் அந்த 24 மணித்தியாலச் சோதனையைத் தாண்டலாம். அந்தப் பட்டியலில போலந்து இல்லை. ஆனால் மைக்ரோசொப்டின் அதே ஈ3 மேடையில காட்டின 'த விட்சர் 3' கேமைச் செய்தது ஒரு போலந்துக் கம்பனி. தாங்கள் செய்த கேமைத் தங்கட நாட்டிலயே விளையாட ஏலாத நிலை. இந்தியாவும் அந்தப் பட்டியலில இல்லை. இலங்கையைப் பற்றிச் சொல்லவும் வேணுமா? எங்களை மறுத்தவை எண்டு கூடச் சொல்ல ஏலாது. நாங்கள் கணக்கிலயே இல்லை. எக்ஸ்பொக்ஸ் 360 ஐ ஆராவது மாமா வெளிநாட்டில இருந்து கொண்டு வந்தால் இஞ்ச ஓடும். இது ஓடியிருக்காது.

ஜூன் 19 அன்று மைக்ரோசொப்ட் பின்வாங்கியது. 24 மணித்தியாலச் சோதனை இல்லை, பழைய கேமுக்குத் தடை இல்லை, நாட்டுக் கட்டுப்பாடு இல்லை. முதல் நாள் ஒரு அப்டேட் மட்டும் இறக்கினால் போதும். எழுத்தில விதி வந்து இரண்டு கிழமை கூட ஆகேல்லை. ஜூலை 1 அன்று மட்ரிக் வேற கம்பனிக்குப் போறார் எண்ட செய்தியும் வந்தது.

வாடிக்கையாளர் சேர்ந்து கத்தினால் பெரிய கம்பனியும் இறங்கி வரும் எண்டதுக்கு இதைத்தான் எல்லாரும் உதாரணம் காட்டுவினம். நாங்களும் ஒத்துக் கொள்ளுறம். ஆனால் அந்த ஜூன் 10 இரவை இன்னொருக்கா பாருங்கோ. மண்டபம் கைதட்டின அதே நிகழ்ச்சியிலதான், பிளேஸ்டேசன் 4 இல் ஒன்லைனில மற்றவையோட விளையாடுறதுக்கு இனி பிளேஸ்டேசன் பிளஸ் சந்தா கட்ட வேணும் எண்டதும் வந்தது. பிளேஸ்டேசன் 3 இல் அது இலவசம். கைதட்டல் சத்தத்தில அது பெரிசாக் கேட்கேல்லை.

கம்பனிகள் 2013 இல் இருந்து படிச்ச பாடம் இதுதான் எண்டு நினைக்கிறம்: எல்லாத்தையும் ஒரே நாளில, கட்டாயம் எண்டு சொல்லக் கூடாது. ஒவ்வொண்டாக, விருப்பம் எண்ட பேரில குடுக்க வேணும். 2019 இல் டிஸ்க் போடுற இடமே இல்லாத எக்ஸ்பொக்ஸ் வன் எஸ் வந்தது. 2020 இல் பிளேஸ்டேசன் 5 டிஜிட்டல் எடிசன், டிஸ்க் உள்ளதை விட மலிவு. 2024 இல் வந்த பிளேஸ்டேசன் 5 ப்ரோ ஆகவும் விலை கூடினது, ஆனால் டிஸ்க் ட்ரைவ் வேணும் எண்டால் தனியாக வாங்க வேணும். 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ சுவிட்ச் 2 இல் சில கேம்களின் கார்ட்டுக்குள்ள கேமே இல்லை, ஒரு சாவி மட்டும்தான். கேமை இன்டர்நெட்டில இருந்து முழுசாக இறக்க வேணும். அந்தக் கார்ட்டை இரவல் குடுக்கலாம் எண்டது உண்மை. ஆனால் வாங்கிறவரும் தன்ர டேட்டாவைச் செலவழிச்சு இறக்க வேணும். சேர்வர் ஒரு நாள் மூடினால், கையில மிஞ்சிறது ஒரு பிளாஸ்டிக் துண்டு.

மூடுமா எண்டு கேட்கிறீங்களா? யூபிசொப்ட் 2014 இல் வெளியிட்ட 'த க்ரூ' எண்ட கார் ஓட்டுற கேமின் சேர்வர்களை 2024 மார்ச் 31 அன்று மூடியது. தனியாக ஓடினாலும் அந்தக் கேமுக்குச் சேர்வர் வேணும். காசு குடுத்து டிஸ்க் வாங்கினவையிட்ட டிஸ்க் இப்பவும் இருக்கு. போட்டால் ஒண்டும் நடக்காது. மட்ரிக்கின் பெட்டி சொன்னதுதானே இது? ஒரு சின்ன வித்தியாசம், இந்த முறை மேடையில ஏறி ஒருத்தரும் சொல்லேல்லை.

எதிர்க்கதையும் இருக்கு, அதை மறைக்க ஏலாது. முதலாவது, திருட்டுக் கொப்பி. நாங்கள் சின்னனில விளையாடின பிளேஸ்டேசன் 2 கேம்களில ஒரிஜினல் எத்தினை எண்டு கேட்டால் தலையைக் குனியத்தான் வேணும். கடையில நூறு இருநூறு ரூபாய்க்கு எழுதிக் குடுத்த சீடி அது. கேம் செய்யிறவைக்கும் வயிறு இருக்கு. இரண்டாவது, ஸ்டீமில வாங்கின கேமையும் விக்க ஏலாது, அதை ஏன் எல்லாரும் ஏற்றுக் கொள்ளினம்? மலிவு விற்பனை இருக்கு, ஒஃப்லைனில ஓட்டுற வசதி இருக்கு, அதுதான். மூன்றாவது, மைக்ரோசொப்டின் அந்தத் திட்டத்தில நல்லதும் ஒண்டு இருந்தது. பத்துப் பேர் வரைக்கும் குடும்பத்தோட கேம்களைப் பகிரலாம் எண்டிருந்தது. எதிர்ப்பில அதுவும் சேர்ந்து போச்சு.

இதெல்லாம் சரி. ஆனால் கொப்பி அடிச்சவரை விட, காசு குடுத்து வாங்கினவரைத்தான் இந்தப் பூட்டு கூடக் கஷ்டப்படுத்துது. கொப்பி அடிக்கிறவர் பூட்டை உடைச்சுப் போட்டு விளையாடுறார். ஒழுங்காக வாங்கினவர் சேர்வர் படுத்தால் சுவரைப் பார்த்துக் கொண்டிருக்கிறார். வசதிக்காக டிஜிட்டலில வாங்கிறதை நாங்கள் பிழை எண்டு சொல்லேல்லை. வாங்கினது எண்ட சொல்லுக்கு ஒரு அர்த்தம் இருக்க வேணும் எண்டுதான் சொல்லுறம்.

எங்கட நாட்டில இது இன்னும் கூடச் சுடும். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினது ஞாபகம் இருக்குத்தானே. கரண்ட் வந்த பிறகும் எங்கட பக்கம் சிக்னல் வர நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில ஓடினது டிஸ்கும், போனில ஏற்கனவே இறக்கி வச்சிருந்த படங்களும்தான். எப்பவும் ஒன்லைனில இரு எண்டு சொல்லுற பொருளைச் செய்யிறவை, எப்பவும் கரண்டும் லைனும் உள்ள ஒரு வீட்டை மனசில வச்சுத்தான் செய்யினம். அது எங்கட வீடு இல்லை.

நல்ல செய்தியும் இருக்கு. கலிபோர்னியாவில 2025 ஜனவரியில இருந்து ஒரு சட்டம் நடைமுறையில இருக்கு. டிஜிட்டல் கேமோ படமோ விக்கிறவர், வாங்கிறது அனுமதி மட்டும்தான் எண்டதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' எண்ட சொல்லைப் பாவிக்க ஏலாது. 'த க்ரூ' மூடினதோட ரொஸ் ஸ்கொட் எண்டவர், கேம்களைக் கொல்லாதேங்கோ எண்டு ஒரு இயக்கம் தொடங்கினார். மூடினாலும் விளையாடக் கூடிய நிலையில விட்டுட்டுப் போங்கோ எண்டதுதான் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில அதுக்கு விழுந்த கையெழுத்து 2025 ஜூலையில பத்து லட்சத்தைத் தாண்டியது. 2024 செப்டெம்பரில யூபிசொப்ட், 'த க்ரூ 2' க்கு ஒஃப்லைன் வசதி தாறம் எண்டு அறிவிச்சது. கத்தினால் இப்பவும் கேட்குது.

நாங்கள் கலிபோர்னியாவிலயும் இல்லை, ஐரோப்பாவிலயும் இல்லை. எங்கட கையெழுத்து அங்க செல்லாது. ஆனால் கேம் வாங்க முதல் மூன்று கேள்வி கேட்கலாம். இன்டர்நெட் இல்லாமல் இது ஓடுமா? இதை இன்னொருத்தருக்குக் குடுக்க ஏலுமா? கம்பனி மூடினால் இது மிஞ்சுமா? பெட்டியின் பின்பக்கத்தில சின்ன எழுத்தில பதில் இருக்கும். கடைக்கார அண்ணாவிட்டயும் கேளுங்கோ. நாலு பேர் கேட்டால் அவரும் அடுத்த முறை பார்த்துத்தான் எடுப்பார். கேம் விமர்சனம் எழுதுற நாங்களும் கதை எப்படி, கிராபிக்ஸ் எப்படி எண்டதோட இந்த மூன்றுக்கும் பதில் எழுத வேணும். இனி வாற எங்கட விமர்சனங்களில அதை எழுதுவம்.

இந்தக் கிழமை எங்கட அறையில இருக்கிறது இரவல் டிஸ்க் ஒண்டு. வெள்ளிக்கிழமை திருப்பிக் குடுக்க வேணும். குடுத்தவர் எங்களுக்குப் பழக்கமாகி இருபது நாள் கூட ஆகேல்லை.