சிவப்பை யாரும் காட்டவில்லை

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்ட ஸ்கிரீன்ஷாட்டுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து மேலிருந்து கீழாகப் பார்த்தோம். முதல் படம் 2020 ஊரடங்குக் காலத்தது. பச்சையில் லாபம் காட்டும் படங்கள் நூற்றுக்கணக்கில் வந்துகொண்டே இருந்தன. சிவப்பில் இருந்தவை மூன்றே மூன்று. அந்த மூன்றும் நூறு, இருநூறு ரூபாய் நட்டம். ஏழு பேரும் அவரவர் கணக்கறிக்கையை அன்றுதான் முதல்முறையாக மேசைமேல் வைத்தோம். ஏழு பேருமே மொத்தத்தில் நட்டத்தில் இருந்தோம். நான்கு வருடம் தினமும் பேசிக்கொண்டவர்களுக்கு இது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாங்கள் ஈரோட்டுக்காரர்கள். ஒருவர் ஜவுளி மொத்த வியாபாரம், ஒருவர் பள்ளி ஆசிரியர், இருவர் வங்கி ஊழியர்கள், ஒருவர் மெடிக்கல் ரெப், ஒருவர் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுபவர். எனக்குச் சின்னதாக ஓர் அச்சகம். ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தபோது ஆளுக்கொரு டீமேட் கணக்கு தொடங்கினோம். முதலில் பங்குகள்தான். 2020 மார்ச்சில் விழுந்த சந்தை ஏறிக்கொண்டே இருந்ததால் எதை வாங்கினாலும் லாபம் வந்தது. அதைத் திறமை என்று நம்பினோம். ஆறே மாதத்தில் நிஃப்டி, பேங்க் நிஃப்டி ஆப்ஷனுக்கு வந்துவிட்டோம்.

படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பணம் கட்டி வகுப்புக்குப் போனோம். கேண்டில், சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் எல்லாம் ராத்திரி பதினோரு மணிவரை வரைந்து பார்த்தோம். ஒரு டிரேடில் மூலதனத்தின் 2 சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது, ஸ்டாப்லாஸ் (நட்டத்தோடு வெளியேறும் விலை) இல்லாமல் உள்ளே போகக் கூடாது, நட்டத்தை ஆவரேஜ் பண்ணக் கூடாது என்று எந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதையே அனுப்பவும் செய்தோம். எங்களில் ஒருவர்கூட அதன்படி ஒரு மாதம் நடந்ததில்லை. நடக்கிறாயா என்று ஒருவரை ஒருவர் கேட்டதும் இல்லை.

அந்த 2 சதவீதம் எவ்வளவு எளிய கணக்கு என்பதை இப்போது எழுதும்போது நெஞ்சு உறுத்துகிறது. மூலதனம் 2 லட்சம் என்றால் ஒரு தடவைக்கு 4,000 ரூபாய்தான் போகலாம். 120 ரூபாய் பிரீமியத்தில் வாங்கி 90-இல் ஸ்டாப்லாஸ் வைக்கிறோம் என்றால் வித்தியாசம் 30 ரூபாய். 2024 நடுவில் நிஃப்டியின் ஒரு லாட் என்பது 25 யூனிட். ஆக ஒரு லாட்டுக்கு 750 ரூபாய். 4,000-க்கு ஐந்து லாட் வரை வாங்கலாம். அவ்வளவுதான். எங்கே வெளியே வரப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். எத்தனை லாட் என்பது அதிலிருந்து தானாக வரும். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். கணக்கில் 2 லட்சம் இருக்கிறது, 120 ரூபாய்க்கு அறுபது லாட் வரும், வாங்கிவிடு. ஸ்டாப்லாஸ் மனசுக்குள் இருக்கும். விலை அங்கே வந்ததும் மனசு இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்திக்கொள்ளும்.

2024 நவம்பரில் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பைப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 15 லட்சமாக உயர்த்தியதும் நிஃப்டி லாட் 75 ஆனது. அதே 30 ரூபாய் ஸ்டாப்லாஸுக்கு ஒரு லாட்டின் ஆபத்து 2,250 ரூபாய். எங்களில் இருவரிடம் அப்போது மிஞ்சியிருந்தது ஐம்பதாயிரம் சொச்சம். 2 சதவீதம் என்றால் ஆயிரம் ரூபாய். அதாவது, நாங்களே ஊருக்கெல்லாம் சொன்ன விதிப்படி அவர்கள் ஒரு லாட்கூட வாங்கக் கூடாது. அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டி "வேண்டாம் மாப்ள, நிறுத்து" என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. ஏனென்றால் அடுத்த கேள்வி நம்மிடம் திரும்பும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும்.

இத்தனைக்கும் எச்சரிக்கை தினமும் கண்முன் வந்தது. 2023 ஜூலையிலிருந்து எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர், ஆப்ஷன்) கணக்கில் நுழையும்போதெல்லாம் ஒரு பெட்டி திறக்கும். 10 தனிநபர்களில் 9 பேருக்கு நட்டம், நட்டப்பட்டவர்களின் சராசரி இழப்பு ஏறத்தாழ 50,000 ரூபாய், அதற்கு மேல் நட்டத்தில் 28 சதவீத அளவுக்குப் பரிவர்த்தனைச் செலவு என்று அதில் இருக்கும். சந்தை 9.15-க்குத் திறப்பதற்குள் அந்தப் பெட்டியை மூடிவிட்டு உள்ளே போகும் அவசரத்தில் அதைப் படித்ததாக ஒப்புக்கொண்டு விரலை வைத்தோம். ஒரு வருடத்தில் எத்தனை முறை அப்படி ஒப்புக்கொண்டிருப்போம்! அந்த ஒன்பதில் ஒருவனாக ஒரு தடவையாவது என்னை நினைத்துப் பார்த்தேனா என்றால், இல்லை. குழுவில் மற்ற ஆறு பேரும் லாபத்தில் இருப்பதாகவே ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். நான் மட்டும்தான் சரியாகச் செய்யவில்லை, கொஞ்ச நாளில் பிடித்துவிடலாம், அதுவரை வாயைத் திறக்க வேண்டாம். ஏழு பேரும் தனித்தனியாக இதையே நினைத்திருக்கிறோம்.

மஞ்சள் மண்டிக் கணக்குப்பிள்ளை எங்களுக்கு மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வருடமாக நாள்வழியும் பேரேடும் எழுதுபவர். மழைச்சாரலில் ஒரு மூட்டை நனைந்து வீணானால்கூட அன்று மாலையே அதை நட்டத்தில் எழுதாமல் அவர் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். என் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். கல்லாவை எண்ணி, வரவு செலவு நேர் பார்த்த பிறகுதான் கடைக் கதவு சாத்துவார். பத்து ரூபாய் உதைத்தால் அது எங்கே போனது என்று தெரியும்வரை சாப்பிட வர மாட்டார். இப்படிப்பட்ட வீட்டிலும் தொழிலிலும் இருந்து வந்த நாங்கள் ஒரு நாளில் பத்து, பதினைந்து தடவை வாங்கி விற்றோம், ஒரு வரி எழுதவில்லை. தரகு நிறுவனத்திலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் மின்னஞ்சலில் வரும் கான்ட்ராக்ட் நோட்டைத் திறந்ததே கிடையாது. அதில் தரகு, எஸ்.டி.டி., ஜி.எஸ்.டி., முத்திரைக் கட்டணம் எல்லாம் தனித்தனியாக அச்சாகியிருக்கும். அண்ணா அந்த ஞாயிற்றுக்கிழமை தன் ஒரு வருட நோட்டுகளைக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மண்டியில ஒருத்தன் இப்படி ஒரு வருஷம் கணக்கு எழுதாம இருந்தா நானே அவனை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லியிருப்பேன்" என்றார்.

எழுதியிருந்தால் மூன்றே மாதத்தில் தெரிந்திருக்கும். எந்த மணி நேரத்தில் நட்டம், ஒரு நட்டத்துக்குப் பிறகு எத்தனை நிமிடத்தில் அடுத்ததில் இறங்கினோம், லாபத்தை எவ்வளவு சீக்கிரம் எடுத்தோம், நட்டத்தை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தோம் என எல்லாமே அந்த நோட்டுகளில் நேரத்தோடு பதிவாகியிருக்கிறது. நான் பின்னோக்கி எழுதிப் பார்த்தேன். என் பெரிய நட்டங்கள் பெரும்பாலும் வாராந்திர எக்ஸ்பைரி நாளில், மத்தியானம் ஒன்றரைக்கு மேல். காலையில் விட்டதை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்று 5 ரூபாய், 8 ரூபாய்க்குக் கிடைக்கும் ஆப்ஷனை அள்ளிய நேரம் அது. என் நான்கு வருடப் பணத்தின் பெரும்பகுதி அந்த இரண்டு மணி நேரத்தில் போயிருக்கிறது.

ஜவுளிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்ததே அவரால்தான்.

2024 ஜூன் 3, திங்கட்கிழமை. தேர்தல் கருத்துக்கணிப்புகளை நம்பி நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறி 23,263-இல் முடிந்தது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. திங்கள் சாயங்காலம் குழுவில் அவர் ஒரு வரி போட்டார்: "நாளைக்குப் பெருசு." எல்லோரும் கட்டைவிரல் காட்டினோம். எவ்வளவுக்கு வாங்கியிருக்கிறீர்கள், ஸ்டாப்லாஸ் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவர் 6-ஆம் தேதி முடியும், சந்தை ஏறினால் மட்டுமே லாபம் தரும் கால் ஆப்ஷன்களை மூன்று லட்சத்துக்கு மேல் வாங்கியிருந்தார். அதில் பெரும்பங்கு மனைவியின் நகையை அடகு வைத்த பணம். செவ்வாய்க்கிழமை நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம், 1,379 புள்ளி விழுந்து 21,884-இல் நின்றது. வியாழக்கிழமை அவருடைய கால் ஆப்ஷன்கள் ஒன்றுமில்லாமல் காலாவதியாயின. வெள்ளிக்கிழமை, ஜூன் 7 அன்று, நிஃப்டி 23,290-க்குத் திரும்பி வந்து முடிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை குழுவில் நாங்கள் பேசியதை இப்போது படிக்க முடியவில்லை. "சொன்னேன்ல, மார்க்கெட் திரும்பும்னு" என்று ஒருவர். விழுந்த அன்று பங்கு வாங்கிய மெடிக்கல் ரெப்பின் பச்சைப் படத்துக்கு ஆறு பாராட்டு. திங்கட்கிழமை ராத்திரிக்குப் பிறகு ஜவுளிக்காரரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அதை நாங்கள் கவனிக்கவில்லை என்று எழுதினால் பொய். கவனித்தோம். நானும் ஆசிரியரும் டீக்கடையில் பேசிக்கொள்ளவும் செய்தோம். "அடி வாங்கியிருப்பாரு போல" என்றேன். "தானா வருவாரு, நாம கேட்டா சங்கடப்படுவாரு" என்றார் ஆசிரியர். அவர் சங்கடப்படுவார் என்று சொல்லிக்கொண்டோம். கேட்டால் எங்கள் கணக்கையும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதுதான் காரணம். ஜூன் போனது, ஜூலை, ஆகஸ்ட் போனது. பன்னீர்செல்வம் பார்க் பக்கத்துக் கடைக்கு அவர் டீ குடிக்க வருவதும் நின்றது. கடையில் சரக்கு குறைந்திருந்ததைப் பார்த்தவர்கள் எங்களில் இரண்டு பேர்.

செப்டம்பரில் அவர் மனைவி மண்டி அண்ணாவுக்குப் போன் செய்தார். விட்ட பணத்தை எடுக்க வெளியில் வட்டிக்கு வாங்கி இன்னும் இரண்டு லட்சம் போயிருந்தது. நாங்கள் வீட்டுக்குப் போனோம். அவர் உள்ளறையில் படுத்திருந்தார், வெளியே வரவில்லை. அந்த அம்மா எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றபடியே கேட்டார்: "ஏனுங்கண்ணா, உங்க குரூப்புல ஏழு பேரு இருக்கறீங்க. ஒருத்தருக்குக்கூடவா தெரியாம இருந்துச்சு?"

யாரும் பதில் சொல்லவில்லை.

அந்த மாதமே செபியின் புதிய ஆய்வு வெளிவந்தது. மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 சதவீதம். என்னை உலுக்கிய எண் வேறு: அடுத்தடுத்த ஆண்டுகள் நட்டப்பட்ட பிறகும் முக்கால்வாசிக்கு மேற்பட்டவர்கள் தொடர்ந்து செய்திருக்கிறார்கள். அதற்கு என்ன காரணம் என்று ஆராய்ச்சி தேவையில்லை, எங்கள் குழுவைப் பார்த்தால் போதும். தனியாக நட்டப்படுகிறோம் என்று நினைக்கும் மனிதன் நிறுத்த மாட்டான். பக்கத்தில் இருப்பவனும் அதே குழியில் இருக்கிறான் என்று தெரிந்திருந்தால் ஏழு பேரில் நான்கு பேராவது 2022-லேயே நிறுத்தியிருப்போம் என்று உறுதியாக நம்புகிறேன்.

மறைப்பது எந்த அளவுக்குப் பழகிப்போனது என்றால், வருமான வரிக் கணக்கில்கூட மறைத்தோம். எஃப் அண்ட் ஓ நட்டம் வரிச் சட்டப்படி தொழில் நட்டம். உரிய படிவத்தில், கெடு தேதிக்குள் காட்டினால் எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச்சென்று பின்னால் வரும் தொழில் லாபத்தில் கழிக்கலாம். வங்கிக்காரர்கள் இருவரும் ஆசிரியரும் வருடா வருடம் சம்பளத்தை மட்டும் காட்டிவிட்டு இருந்துவிட்டார்கள். ஆடிட்டரிடம் சொன்னால் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். சட்டம் கொடுத்த ஒரே ஆறுதலையும் அப்படி விட்டோம்.

இன்னொரு குற்றமும் இருக்கிறது. குழுவில் பின்னால் சேர்ந்தவர்களில் என் அக்கா மகனும் ஒருவன். கல்லூரி இறுதியாண்டில் நான்தான் சேர்த்துவிட்டேன். "மாமா, நீங்க மாசம் எவ்வளவு எடுப்பீங்க?" என்று ஒருமுறை கேட்டான். சிரித்தேன். அந்தச் சிரிப்பை அவன் ஒரு பெரிய தொகையாக எடுத்துக்கொண்டான். முதல் சம்பளத்திலிருந்து பணம் போட்டு இழந்தான். நான் எவ்வளவு இழந்தேன் என்று ஒரு வரி அன்றைக்கு அவனிடம் சொல்லியிருக்கலாம்.

இப்போது ஒரு நீளக் கணக்கு நோட்டு வைத்திருக்கிறோம். மண்டி அண்ணா கோடு போட்டுக் கொடுத்தார். தேதி, நேரம், எதற்காக உள்ளே போனேன், ஸ்டாப்லாஸ் எங்கே, அதை நகர்த்தினேனா, செலவு போக மிச்சம். ஆப்ஷனை ஆறு பேர் விட்டுவிட்டோம். செய்யும் ஒருவர் ஒரு நாளைக்கு இரண்டு டிரேடுக்கு மேல் செய்வதில்லை. மூலதனத்தில் 5 சதவீதம் குறைந்த மாதத்தில் அதோடு நிறுத்திக்கொள்வார். நிறுத்தினாரா என்று கான்ட்ராக்ட் நோட்டை வாங்கிப் பார்ப்பது எங்கள் வேலை. மற்றவர்கள் மாதம் ஒருமுறை பங்கோ இண்டெக்ஸ் ஃபண்டோ வாங்குகிறோம், அதுவும் நோட்டில் ஏறும். ஞாயிற்றுக்கிழமை காலை கூடுகிறோம். ஜவுளிக்காரர் வருகிறார். அவர் எதுவும் வாங்குவதில்லை. வட்டிக்கடனை அடைக்கக் கடையைச் சின்னதாக்கிவிட்டார், நகை இன்னும் அடகில் இருக்கிறது. நோட்டின் பக்கங்களைக் கூட்டிச் சரிபார்ப்பது அவர்தான்.

கடந்த மூன்று ஞாயிறாக மெடிக்கல் ரெப் வரவில்லை. முதல் வாரம் வேலை என்றார், இரண்டாம் வாரம் போன் எடுத்து அப்புறம் கூப்பிடுகிறேன் என்றார், போன வாரம் எடுக்கவில்லை. ஜவுளிக்காரர் நோட்டை மூடிவிட்டு, அவர் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார். இன்று சாயங்காலம் நான்கு பேர் போகிறோம்.