நாமினி வேறு, வாரிசு வேறு

மார்டள்ளியும் அதைச் சூழ்ந்த ஊர்களும் 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பு வரை கோயம்புத்தூர் மாவட்டத்துக் கொள்ளேகால் வட்டத்தைச் சேர்ந்திருந்தன. பின்னர் மைசூர் மாவட்டத்திலும், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்திலும் அமைந்தன. எல்லைகள் மாறின; வீட்டில் பேசும் தமிழ் மாறவில்லை. சொத்தைப் பற்றி உயிரோடிருக்கையில் பேசுவதில் நமக்குள்ள தயக்கமும் மாறவில்லை. அத்தயக்கத்தைக் கைவிட வேண்டும் என்பதே எமது கருத்து.

ஒருவர் மணமாகுமுன் வைப்புநிதிக்குத் தம்பியை நாமினியாக நியமித்தார் எனக் கொள்வோம். மணமாகி இரு பிள்ளைகளும் பிறந்தபின், உயில் எழுதாமலே இறந்துவிட்டார். கணக்கிலுள்ள 9 லட்சம் ரூபாயை வங்கி தம்பியிடம் வழங்கும். ஆயினும் அவர் அதைப் பெற்றுக்கொள்பவரே, உரிமையாளர் அல்லர். கிறிஸ்தவக் குடும்பமாயின், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றிலொரு பங்காக 3 லட்சமும், மகன், மகள் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குத் தலா 3 லட்சமும் உரியவை. பிள்ளைகள் இருப்பதால் இறந்தவரின் தாய்க்குப் பங்கில்லை. இந்துக் குடும்பமாயின் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி தாயும் சமபங்கு பெறுவார்.

பணத்தை வழங்கியதும் எமது பொறுப்பு முடிகிறது. தம்பி மறுத்தால், கைம்பெண்ணின் வழக்கு அங்கேதான் தொடங்குகிறது. நியமனப் படிவம் உயிலுக்கு ஈடாகாது என்பதை வங்கியாகிய நாமே சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

மணமுறிவிலும் இத்தகைய மயக்கம் உண்டு. திருச்சபை நீதிமன்றம் திருமணம் செல்லாது எனத் தீர்ப்பளித்தால், அது சமயத்தளவிலேயே பொருந்தும். சட்டப்படியான மணமுறிவை உரிமையியல் நீதிமன்றமே வழங்க இயலும் என உச்சநீதிமன்றம் 1996இல் தெளிவுபடுத்தியது. அத்தீர்ப்பைப் பெறாமல் மறுமணம் செய்தால், இரண்டாம் துணைக்கு மனைவி என்ற வாரிசுரிமை கிட்டாது. நீதிமன்றத்தில் மணமுறிவு பெற்றபின்னும் வங்கிக் கணக்கின் பழைய நியமனம் தானாக நீங்குவதில்லை. நாம்தான் மாற்ற வேண்டும்.

உயிலை வெள்ளைத்தாளில் எழுதினும் செல்லும், பதிவு கட்டாயமன்று. எனினும் இரு சாட்சிகள் வேண்டும். கிறிஸ்தவர் உயிலில் சாட்சியாகக் கையொப்பமிடுபவருக்கோ அவர்தம் துணைக்கோ எழுதிய கொடை செல்லாது. உயில் எழுதியபின் மணம் புரிந்தால் அவ்வுயிலே நீங்கிவிடும். புதிதாக எழுத வேண்டும். தாய்க்கு ஏதேனும் விட்டுச்செல்ல விரும்புவோருக்கும் உயிலே வழி.

2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நால்வர் வரை நியமிக்கலாம். பங்கு பிரித்தும் நியமிக்கலாம். ஒருவருக்குப்பின் ஒருவராகவும் நியமிக்கலாம். திருமணம், பிள்ளைப்பேறு, மணமுறிவு, மரணம் ஆகிய ஒவ்வொன்றின் பின்னும் நியமனத்தையும் உயிலையும் ஒருசேர எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே விருப்பத்தைச் சொல்லுமாயின், உங்களுக்குப்பின் குடும்பம் நீதிமன்றப் படியேறும் நிலை பெரும்பாலும் வராது.