விலாசப் பட்டியலும் வியாபாரிகளின் கடமையும்

காலஞ்சென்ற ஒருவர் பெயருக்குப் பிறந்த நாள் சலுகை கூறி ஜவுளிக் கடையிலிருந்து தபால் வருகிறது. கடைக்காரருக்கு நஷ்டம் அச்சுக் கூலியும் தபால் செலவுமே. அதைப் பிரித்துப் படிக்கும் மனைவிக்கு அப்படியல்ல.

திரும்பி வந்த தபால்களைப் பார்த்துப் பெயர்களை நீக்குவதும், 1972-ல் ஏற்பட்ட ஆறு இலக்கப் பின்கோடைச் சரிபார்ப்பதும் பெரிய வித்தையன்று. நம் நாட்டிலோ இனிஷியலை ஒருவர் முன்னும் மற்றொருவர் பின்னும் எழுதுவதால், ஒரே மனிதர் பட்டியலில் இருவராகி, இரண்டு கடிதம் பெறுகிறார்!

ஆனால் பிழையற்ற பட்டியல் யோக்கியமான பட்டியலாகிவிடாது. பில் போடுகையில் கேட்டு வாங்கிய விலாசத்தை அயலாருக்கு விற்பவரைக் குறித்தே நாம் பெரிதும் கவலை கொள்கிறோம். 2023-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எக்காரியத்துக்கென ஸம்மதம் பெறப்பட்டதோ அதற்கே தகவலை உபயோகிக்க வேண்டும். ஸம்மதம் தருவது எவ்வளவு சுலபமோ, வாபஸ் பெறுவதும் அவ்வளவு சுலபமாயிருத்தல் வேண்டும். தகவலைத் தக்கவாறு பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பிரதான ஷரத்துகளுக்கு 18 மாதத் தவணை தரப்பட்டது. தவணையின் கடைசி வாரத்தில் விழித்துக்கொள்ளலாமென்று வியாபாரிகள் வாளாவிருப்பது தகாது. கடிதம் வேண்டாமென்றவர்களைத் தனி ஜாபிதாவில் குறித்து, ஒவ்வொரு முறையும் அச்சுக்கு அனுப்புமுன் ஒத்துப் பார்க்கட்டும். சிறு கடைக்கு இதற்கு ஒரு குமாஸ்தாவும் ஒரு பிற்பகலும் போதும்.